மகப்பேறு நிதியுதவியில் இருக்கும் அந்தப் பெயர்: 'கரண்ட் வைக்கும்' லினாக் இயந்திரத்துக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் என்ன தொடர்பு?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிப் பெண்கள் கேட்கும் ஒரு பெயர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். பெயர் எல்லாருக்கும் பழக்கம். ஆள் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதே வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் இன்னொரு வார்த்தை காதில் விழும். கரண்ட் வைக்கணும். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. அந்தக் கரண்டை வைக்கும் இயந்திரம் பெரும்பாலும் லினாக், அதாவது நேர்கோட்டுத் துகள் முடுக்கி. இந்த இயந்திரம் ஏழை நோயாளிகள் படுக்கும் மேஜைக்கு மேல் வந்து நின்றதற்குப் பின்னாலும் அதே முத்துலட்சுமி ரெட்டிதான் இருக்கிறார். மகப்பேறுக்கு அவர் பெயரை வைத்தது சரிதான். ஆனால் அவர் வாழ்க்கையின் கடைசி 30 வருடப் போராட்டம் புற்றுநோயோடுதான் நடந்தது.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். நடிகர் ஜெமினி கணேசனும் இதே குடும்பம்தான்; முத்துலட்சுமி அவருக்கு அத்தை முறை.

பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம். பசங்க மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912ல் டாக்டர் பட்டம். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று முதலிலேயே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். இன்றைக்குக்கூட எத்தனை வீட்டில் இது நடக்கும்?

1923ல் என்ன நடந்தது?

அவருடைய தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. மலக்குடலில் வந்த கட்டி. ஆரம்பத்தில் அது என்னவென்று சரியாகப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது செய்வதற்கு அதிகம் இல்லை. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும், வலியில் துடித்த தங்கையைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. 1923ல் தங்கை இறந்தார். புற்றுநோய்க்கு என்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1925ல், மேற்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கு மட்டும் தனி மருத்துவமனை இருந்தது. சீக்கிரமே கண்டுபிடித்தால் நோயாளிகள் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை நேரில் பார்த்தார். நம் ஊரில் அந்த நோய்க்குப் பெயர் வைத்தாலே மரண ஓலை வந்த மாதிரிதான்.

அப்போது கதிர்வீச்சு சிகிச்சை எப்படி இருந்தது?

ரேடியம் இருந்தது, ஆனால் விலை எக்கச்சக்கம். எக்ஸ்-ரே குழாய்கள் இருந்தன. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு சுமார் இரண்டு லட்சம் வோல்ட் அளவில் இயங்கும் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். சென்னையிலும் 1934ல் அரசு பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் கதிர்களின் பெரும் பங்கு தோலிலேயே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதற்குள் மேல் தோல் வெந்துவிடும். கர்ப்பப்பை வாய், உணவுக்குழாய் மாதிரி ஆழமான இடங்களுக்கு இன்னும் வேகமான கதிர் தேவை. அதற்குப் பல லட்சம் வோல்ட் வேண்டும். வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? குழாய்க்குள் தீப்பொறி பறக்கும், கருவி வெடிக்கும். ஒரு எல்லைக்கு மேல் மின்சாரத்தைக் கட்டிப்போட முடியாது.

இந்த முட்டுக்கட்டையை உடைக்கும் யோசனை முத்துலட்சுமியின் தங்கை இறந்த அடுத்த வருடமே வந்தது. 1924ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி குஸ்தாவ் இசிங் அதைக் காகிதத்தில் எழுதினார். நார்வேயைச் சேர்ந்த ரோல்ஃப் விடெரோ என்ற இளைஞர், ஜெர்மனியில் ஆகன் நகரில் முனைவர் பட்டத்துக்காக அதைச் செய்தே காட்டினார். 1928ல் கட்டுரை வெளியானது. நோயைப் பார்த்துக் கலங்கிய டாக்டரும் கருவியைச் செய்த பொறியாளரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

சரி, லினாக் எப்படி வேலை செய்கிறது?

குற்றாலம் பேரருவியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு வேகம். ஆனால் பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகத்தைத் தொலைத்துவிட்டு, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் நாம் அடியில் நின்று குளிக்க முடிகிறது. படிப்படியாக விழும் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் வேகத்தை இழக்கும். பெரிய வேகம் வேண்டுமென்றால் ஒரே பெரிய மலை வேண்டும்.

மின்னேற்றம் பெற்ற துகளுக்கு இந்த விதி இல்லை. வெற்றிடக் குழாய்க்குள் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. ஒரு சின்னப் படியில் விழுந்து கிடைத்த வேகம் அப்படியே இருக்கும். அடுத்த சின்னப் படியில் இன்னும் கொஞ்சம் சேரும். அப்படியென்றால் பெரிய மலை எதற்கு? சின்னப் படிகளையே வரிசையாக வைத்தால் போதுமே. இதுதான் லினாக்கின் மொத்த ரகசியம்.

விடெரோ செய்தது இதன் மிகச் சிறிய வடிவம். 25,000 வோல்ட்டை வைத்துக்கொண்டு துகளை இரண்டு முறை தள்ளினார். வெளியே வந்த துகளிடம் 50,000 வோல்ட்டுக்கு உரிய ஆற்றல் இருந்தது. கேட்க எளிது, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் தள்ளலுக்குப் பிறகு அதே மின்னழுத்தம் துகளைப் பின்னால் இழுத்துவிடும். அதனால் துகள் ஒரு உலோகக் குழாய்க்குள் ஒளிந்து போகும்படி வைத்தார். குழாய்க்குள் இருக்கும்போது வெளியில் இருக்கும் மின்புலம் அதைத் தொடாது. அந்த இடைவெளியில் மின்னழுத்தம் திசை மாறிவிடும். துகள் வெளியே தலை நீட்டும்போது மறுபடியும் முன்னோக்கித் தள்ளு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். நேரம் தப்பினால் ஊஞ்சல் நின்றுவிடும்.

சிகிச்சைக்குப் பயன்படுவது எலக்ட்ரான். அது மிக லேசானது, சீக்கிரமே கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தை எட்டிவிடும். அதைத் தள்ள வேண்டுமானால் மின்புலம் ஒரு நொடிக்குச் சுமார் 300 கோடி முறை மாற வேண்டும். அப்படிப்பட்ட மைக்ரோவேவ் அலையைப் பலமாக உண்டாக்கும் கருவி 1930களின் கடைசி வரை யாரிடமும் இல்லை. இரண்டாம் உலகப் போர் அதைக் கொடுத்தது. எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காக பிரிட்டனில் மேக்னட்ரான் பலம் பெற்றது. அமெரிக்காவில் வேரியன் சகோதரர்கள் கிளைஸ்ட்ரான் என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். போர் முடிந்ததும் இரண்டும் லினாக்குக்கு வந்து சேர்ந்தன. வீட்டில் இட்லியைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பிலும் மேக்னட்ரான்தான் இருக்கிறது, சின்ன அளவில்.

இன்றைய மருத்துவமனை லினாக்கில் எலக்ட்ரான்கள் ஒரு செம்புக் குழாய் வரிசைக்குள் பாய்கின்றன. சில வகைகளில் அந்தக் குழாய் ஒரு அடி நீளம்தான். அதற்குள் 60 லட்சம் வோல்ட்டுக்கு உரிய ஆற்றல் கிடைத்துவிடுகிறது. அந்த வேகத்தில் டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது எக்ஸ்-ரே பிறக்கிறது. இந்த எக்ஸ்-ரே தன் முழு வேலையைத் தோலில் காட்டாமல், ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போய்த்தான் உச்சத்தைத் தொடும், அதற்கப்புறமும் ஆழமாக இறங்கும். பழைய எக்ஸ்-ரேயில் தோல் வெந்த பிரச்சினைக்கு இதுதான் விடை. இயந்திரத்தின் தலை நோயாளியைச் சுற்றி வரும். பல பக்கத்திலிருந்து அடிக்கும் கதிர்கள் கட்டியில் ஒன்று சேரும், வழியில் இருக்கும் நல்ல சதைக்குப் பங்கு குறைவு. சீப்புப் பற்கள் மாதிரி நகரும் மெல்லிய உலோகத் தகடுகள், கட்டி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்துக்குக் கதிரை வெட்டிக் கொடுக்கும்.

1953ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் லினாக் சிகிச்சை தொடங்கியது.

அடையாறில் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை

லண்டனிலிருந்து திரும்பிய முத்துலட்சுமியை வேறு வேலைகள் இழுத்துக்கொண்டன. 1927ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு வந்தார், அதன் துணைத் தலைவரும் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினரானது அதுவே முதல் முறை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டு வந்தார். கடும் எதிர்ப்பு. அம்மா வழியில் அந்த வலியை அறிந்தவர் அவர். முழுமையான தடைச் சட்டம் 1947ல்தான் நிறைவேறியது. 1930ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டார். போக இடமில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இதில் ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கான விஷயம்.

புற்றுநோய் மருத்துவமனை மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 1935ல் பொதுமேடையில் அந்தக் கோரிக்கையை வைத்தார். அரசு வட்டாரத்தில் பெரிய ஆர்வம் இல்லை. எப்படியும் இறந்து போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்பதுதான் அன்றைய மனநிலை. பணக்காரர்களிடம் மட்டும் போகாமல், இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். சின்னச் சின்னத் தொகையாக வந்து சேர்ந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர்; வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பி அம்மாவோடு நின்றார்.

1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மருத்துவமனை என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். சில குடிசைகள், 12 படுக்கைகள். தங்கை இறந்து 31 வருடம் ஆகியிருந்தது. முத்துலட்சுமிக்கு வயது 67. அடுத்த வருடம் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் சாந்தா. சர் சி.வி. ராமன் குடும்பத்துப் பெண். அரசு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர், 2021ல் இறக்கும் வரை இந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

கோபால்ட் முதலில், லினாக் பிறகு

தொடங்கிய சில வருடங்களிலேயே, 1950களின் பிற்பகுதியில், கனடாவின் உதவியோடு கோபால்ட்-60 இயந்திரம் அடையாறுக்கு வந்தது. இந்தியாவுக்கே அது முதல் கோபால்ட் இயந்திரம். 12 படுக்கையில் தொடங்கிய இடத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கோபால்ட்டும் லினாக்கும் ஒன்றல்ல. கோபால்ட் இயந்திரத்துக்குள் கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அது இரவும் பகலும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும், கனமான கவசத்துக்குள் மூடி வைக்க வேண்டும். சுமார் ஐந்தேகால் வருடத்தில் அதன் பலம் பாதியாகக் குறையும். பலம் குறைந்தால் ஒவ்வொரு நோயாளியும் மேஜையில் அதிக நேரம் படுக்க வேண்டும், பிறகு பொருளையே மாற்ற வேண்டும். ஆனால் எளிய கருவி. அடிக்கடி கரண்ட் போகும் ஊரிலும் ஓடும். அன்றைய இந்தியாவுக்குப் பொருத்தமான தேர்வு அதுதான்.

லினாக்கில் சிகிச்சைக் கதிருக்கான கதிரியக்கப் பொருள் கிடையாது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். அந்த வகையில் கரண்ட் வைக்கிறது என்ற நம் ஊர்ப் பெயர் கோபால்ட்டைவிட லினாக்குக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. நோயாளிகள் பயப்படும் ஒரு விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. லினாக் சிகிச்சை எடுத்து வந்தவரின் உடம்பில் கதிர் எதுவும் மிச்சம் இருக்காது. குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இது தெரியாமல் நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

லினாக் அடையாறுக்கு வந்ததைப் பார்க்க முத்துலட்சுமி இல்லை. 1956ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22 அன்று தன் 81வது வயதில் காலமானார். இந்தியாவின் முதல் மருத்துவ லினாக் 1970களில் அவர் கட்டிய மருத்துவமனைக்குத்தான் வந்தது. பின்னாளில் மும்பையின் சமீர் நிறுவனம் உள்நாட்டிலேயே மருத்துவ லினாக் தயாரிக்கவும் செய்தது.

மருத்துவமனைக்கு வெளியே லினாக் என்ன செய்கிறது?

நிறைய. துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனர்களில் லினாக் உண்டு. ஊசி, கையுறை போன்ற மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கவும் எலக்ட்ரான் கற்றை பயன்படுகிறது. டெல்லியிலும் மும்பையிலும் அணுக்கரு ஆராய்ச்சிக்கு லினாக்குகள் ஓடுகின்றன. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கிகூட, வட்டப் பாதையில் சுற்றுவதற்கு முன் ஒரு லினாக்கில்தான் துகளைக் கிளப்புகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 3.2 கிலோமீட்டர் நீள லினாக் 1966ல் ஓடத் தொடங்கியது. புரோட்டானுக்குள் இன்னும் சின்னத் துகள்கள் இருப்பதற்கான தடயம் அங்கேதான் கிடைத்தது. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால், சாதாரண ஜனங்கள் நேரில் சந்திக்கும் லினாக் மருத்துவமனையில் இருப்பதுதான்.

தென்காசிக்காரருக்கு இது ஏன் முக்கியம்?

கதிர்வீச்சு சிகிச்சை ஒரு நாள் வேலை இல்லை. பல புற்றுநோய்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம். 25 முறை, 30 முறை, சில சமயம் 35 முறை. ஒவ்வொரு முறையும் கதிர் பாய்வது சில நிமிடம்தான். பாக்கி எல்லாம் பயணமும் காத்திருப்பும். ஒரே தடவையில் மொத்தத்தையும் கொடுத்தால் நல்ல செல்களும் சேர்ந்து சாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல செல்கள் இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ளும், புற்றுநோய் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் நடுவில் நாள் விடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளர இடம் கொடுத்த மாதிரி.

இப்போது இதைத் தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மாவின் கணக்கில் போட்டுப் பாருங்கள். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. ஏழு வாரம் சென்னையில் தங்க வாடகை, சாப்பாடு, கூட வருபவரின் கூலி இழப்பு. அதனால்தான் இந்தப் பக்கத்து மக்கள் பல வருடமாக செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டி, 1981ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்துக்குப் போய் வருகிறார்கள். அதுவும் தினமும் போய் வரும் தூரம் இல்லை. சிகிச்சைக்கான செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும், போன கூலியை யாரும் தருவதில்லை. பாதியில் சிகிச்சையை விடுகிறவர்களில் பலர் நோய்க்குப் பயந்து விடுகிறவர்கள் இல்லை, கணக்கு இடித்ததால் விடுகிறவர்கள்.

முத்துலட்சுமி காலத்தில் மொத்த மாகாணத்துக்கும் இருந்த பிரச்சினையின் மிச்சம் இது. அன்றைக்கு மருத்துவமனையே இல்லை. இன்றைக்கு மருத்துவமனை இருக்கிறது, தூரம்தான் இடிக்கிறது. லினாக் இயந்திரத்தின் விலை கோடிகளில், அதற்குத் தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட தனி அறை வேண்டும், நிற்காத மின்சாரம் வேண்டும், கதிரியக்க இயற்பியல் படித்த ஆட்கள் வேண்டும். அதனால் எல்லா ஊரிலும் வைத்துவிட முடியாது.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்போது லினாக் இருக்கிறது. தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையும் நீளமாக இல்லாவிட்டால், கரண்ட் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மறுநாள் காலையில் மறுபடியும் அதே பஸ்.